இரண்டாம் புண்ணியத்தின் வாயிலில்

நம் பாட்டிமார் ஞானோபதேச வகுப்பில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மூன்று புண்ணியங்களை வரிசையாக ஒப்புவித்தனர். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அவற்றை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று வழங்கியது. நடுவில் நின்றதன் பெயரை மூத்தது எடுத்துக்கொள்ள, நடுவில் நின்றது புதுப்பெயர் பூண்டது. இதனால் இன்றும் குழம்புவோர் உண்டு. ஆனால் பெயர் மாறியதைவிட, அப்புண்ணியம் நம் வாழ்வில் எங்கே நிற்கிறது என்பதே பெரிய வினா. இறந்தபின் கிட்டும் விண்ணகம் என ஒரு பாதி. நாளைய அரிசிக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் ஒரு நவநாள் என மறுபாதி. இப்படி அதை இரண்டாகப் பிளந்து வைத்திருக்கிறோம்.

இவ்விரு பாதிகளையும் ஒட்டவைக்க முயன்ற நூல் ஒன்றை அண்மையில் மறுபடியும் படித்தோம். பிரெஞ்சுக் கவிஞர் சார்லஸ் பெகி 1911இல் வெளியிட்ட 'இரண்டாம் புண்ணியத்தின் மறைபொருள் வாயில்' என்னும் நெடுங்கவிதை அது. ஷெர்வேஸ் என்னும் பிரான்சிஸ்கன் சபைக் கன்னியர், சிறுமியாயிருந்த புனித ஜோனிடம் பேசுவதாக அமைந்தது. அவர் வாயிலாகக் கடவுளே பேசுகிறார். விசுவாசமும் அன்பும் வளர்ந்த பெண்கள். அவர்களின் கைகளைப் பிடித்துக்கொண்டு நடுவே நடக்கும் சின்னஞ்சிறு தங்கை எதிர்நோக்கு. பார்ப்போர் அக்காமார் அவளை அழைத்துச் செல்வதாக எண்ணுவர். உண்மையில் அவளே அவர்களை இழுத்துச் செல்கிறாள். கோவில் திருவிழாக் கூட்டத்தில் பெரியவர்களை இழுத்துக்கொண்டு ஓடும் சிறுமியைக் கண்டவர்களுக்கு இவ்வுருவகத்தை விளக்க வேண்டியதில்லை.

நூலின் உயிர்நிலை ஒரு விறகுவெட்டியிடம் இருக்கிறது. கடுங்குளிரில், காட்டில், கோடரியும் கையுமாக நிற்கிறான் அவன். தான் போனபின் தன் கோடரியைத் தன் மக்கள் ஏந்துவர் என்று நினைக்கிறான், அந்நினைவிலேயே மகிழ்கிறான். விண்ணகத்தை எண்ணுகிறவன் மண்ணுலக வேலையைக் கைவிடவில்லை. அவ்வேலையின் நடுவேதான் எண்ணுகிறான். பின்னர் ஓர் அரிய செய்தி வருகிறது. அவனுடைய பிள்ளைகள் மூவரும் நோயுற்றிருந்தபோது அவன் ஒரு துணிச்சலான காரியம் செய்தான். படுக்கையில் கிடந்த மூவரையும் செபத்தால் வாரி எடுத்து, அன்னை மரியாவின் கைகளில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி நடந்தான். தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு நடந்தான் என்பதுபோல் எழுதுகிறார் பெகி. அந்தக் குறும்பு இல்லையேல் இப்பகுதி வெறும் பக்திக் கதையாகியிருக்கும்.

இதைப் பொறுப்பைத் தட்டிக்கழித்தல் எனலாமா? கவிஞரின் வாழ்வை அறிந்தோர் அவ்வாறு சொல்லத் தயங்குவர். 1873இல் ஓர்லியான் நகரில் பிறந்தவர். கைக்குழந்தையாயிருந்தபோதே தந்தையை இழந்தவர். தாய் நாற்காலிகளுக்கு வைக்கோல் பின்னிப் பிழைத்தவர். சோசலிசத்தில் திளைத்திருந்த பெகி 1908இல் தாம் மறுபடியும் விசுவாசத்தைப் பெற்றதாக நண்பரிடம் கூறினார். ஆனால் அவர் திருமணம் திருச்சபைக்கு வெளியே நடந்தது. மனைவி விசுவாசி அல்லர். பிள்ளைகள் மூவரும் திருமுழுக்குப் பெறாதவர்கள். அதனால் அவர் நற்கருணை உட்கொள்ளாமலே ஆலயத்துக்கு வெளியே நின்றார். 'வாயில்' என்னும் தலைப்பு இங்கே கனக்கிறது. திருமுழுக்கின் வழியாக ஒப்படைக்க இயலாத பிள்ளைகளை வேறு வழியின்றி மரியன்னையிடம் தூக்கிக் கொடுத்த தந்தை அவர்.

நூலில் குறைகள் இல்லாமல் இல்லை. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் நடை, செபமாலைக்குப் பழகிய நம்மையும் சில இடங்களில் களைப்படையச் செய்கிறது. அடுத்த ஆண்டு வந்த 'மாசற்ற குழந்தைகளின் மறைபொருள்' நூலில் கடவுள் பிரெஞ்சு மக்களை உச்சிமேல் வைத்துப் புகழ்வதை நாம் புன்னகையோடு கடந்துவிடலாம். கடக்க முடியாதது வேறொன்று. நன்றாக உழைத்தும் இரவில் உறங்காதவர்களைக் கடவுள் கடிந்துகொள்கிறார். சோம்பலைவிடக் கவலையே பெரிய குற்றமாம். காலையில் அடுப்பில் ஏற்ற ஒன்றுமில்லை என்று அறிந்த தாய் உறங்காதிருப்பது நம்பாமையா? பிள்ளைகள் நோயுற்றபோது விறகுவெட்டியின் மனைவி அடைந்த அச்சத்தைத் தொட்டுக்காட்டுவதோடு கவிஞர் அவளை விட்டுவிடுகிறார். அவளுடைய இரவு எழுதப்படவில்லை. நம் பங்குகளில் விழித்திருப்பவர்கள் பெரும்பாலும் அவளைப் போன்றவர்களே. இங்கே பெகி தந்தையின் கண்ணால் மட்டுமே பார்த்தார் என்று சொல்லியாக வேண்டும்.

ஆயினும் இறுதிப் பக்கங்கள் இக்குறையைப் பெரிதும் ஈடுசெய்கின்றன. உறக்கத்தைப் புகழ்ந்த கடவுள் இரவைத் தம் மகளாக அழைத்துப் பேசத் தொடங்குகிறார். பேச்சு மெல்லப் பெரிய வெள்ளியின் மாலைக்குச் செல்கிறது. தம் மகனை அடக்கம் செய்ய அந்தத் தந்தையால் வர இயலவில்லை. இரவே இறங்கி வந்து, பெருங் கோடித்துணியாக அவரைப் போர்த்தியது. நம்மை உறங்கச் சொல்பவர் தாமும் மகனைப் பறிகொடுத்தவர் என்பதை அங்குதான் அறிகிறோம். அதன்பின் அவருடைய கடிந்துரை முன்போல் ஒலிக்கவில்லை.

பெகி 1914 செப்டம்பர் 5 அன்று வில்லருவா அருகே போர்க்களத்தில் குண்டு பாய்ந்து இறந்தார். அவருடைய நான்காம் குழந்தை 1915இல் பிறந்தது. மூவரைத் தூக்கிச் சென்ற விறகுவெட்டியின் கவிதையில் அக்குழந்தை இல்லை.