இசைத்தட்டும் திருவீதியும்: ஜாஸ் மரபை முன்வைத்து யாழ்ப்பாணத் தவில் பற்றிய ஒரு நோக்கு

ஒரு கலையின் வரலாற்றை எழுதப் புகுவோன் முதற்கண் எதிர்நோக்கும் வினா, அக்கலை எதிலே தங்கி நிற்கின்றது என்பதாகும். காவியம் ஏட்டிலே தங்கும். சிற்பம் கல்லிலே தங்கும். இசையோ பிறந்த கணத்திலேயே மறைவது. அதிலும், முன்னரே எழுதி வைத்ததை ஒப்புவியாது, அவ்வப்போது மனோதர்மத்தால் ஆக்கப்படும் இசை, கேட்டவர் நினைவிலன்றி வேறெங்கும் தங்குவதில்லை. இவ்விதிக்கு இருபதாம் நூற்றாண்டிலே ஒரு மாற்றம் நேர்ந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையும், அதன் உறவாகிய சோல் இசையும் இசைத்தட்டையே தம் ஏடாகக் கொண்டன. அதே நூற்றாண்டில், அதே அளவு மனோதர்ம வளம் வாய்ந்த யாழ்ப்பாணத் தவிலிசை கோயில் வீதிகளிலே முழங்கி, பெரும்பாலும் அங்கேயே கரைந்து போயிற்று. இவ்விரண்டினையும் அருகருகே வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம். மேனாட்டு ஒப்புமை காட்டி நம்மவருக்குப் பெருமை தேடுவது நோக்கமன்று. நமது இசை விமர்சனம் ஏன் வளரவில்லை என்ற வினாவுக்கு விடை தேடுவதேயாகும்.

ஜாஸின் தொடக்கமும் ஓர் இழப்பிலேயே அமைந்தது. நியூ ஓர்லியன்ஸ் நகரிலே இவ்விசையின் முன்னோடியாகக் கருதப்படும் படி போல்டன் (1877–1931) என்னும் கோர்னெற் கலைஞர் 1907இல் மனநோயாளர் விடுதியில் சேர்க்கப்பட்டார். அவர் ஊதிய ஒரு சுரமேனும் இன்று கேட்கக் கிடைப்பதில்லை. ஜாஸ் என்ற பெயருடன் 1917இல் முதலில் வெளிவந்த இசைத்தட்டு வெள்ளையர் குழுவொன்றினால் வாசிக்கப்பட்டது. ஆக்கியோர் ஒருவராகவும் பதிவு பெற்றோர் வேறொருவராகவும் இருந்த நிலை அது. 1923இல் கிங் ஒலிவரின் குழுவும் அதில் இளைஞராயிருந்த லூயி ஆம்ஸ்ட்ரோங்கும் ஒலிப்பதிவுக் கூடத்தினுள் நுழைந்த பின்னரே இந்நிலை மாறத் தொடங்கிற்று. போல்டன் கர்ணபரம்பரையானார், ஆம்ஸ்ட்ரோங் வரலாறானார். இருவருக்குமிடையேயுள்ள வேறுபாடு மேதைமையின் வேறுபாடென்று துணிந்து கூற எவராலும் இயலாது. பதிவு உண்டா இல்லையா என்பதே வேறுபாடு.

அக்காலத் தட்டு ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிட அளவே இடந்தந்தது. 1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுநேரத் தட்டை அறிமுகஞ் செய்தபோது, பக்கமொன்றுக்கு இருபது நிமிடத்திற்கு மேற்பட்ட அவகாசம் கிடைத்தது. தனித்தனிப் பாட்டுகளின் தொகுதி என்ற நிலை மாறி, தொடக்கமும் நடுவும் முடிவும் உடைய ஆக்கமாகத் தட்டு உருப்பெற்றது இதன் பின்னரேயாகும். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஒஃப் புளூ’ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1959ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் இரண்டே நாள் அமர்வுகளிற் பதிவாகி, ஓகஸ்ட் மாதம் வெளிவந்த தட்டு அது. விரைந்து மாறும் சுரக்கூட்டுகளின் பின்னே ஓடுவதை விடுத்து, சில சுரவரிசைகளை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு நின்று நிதானித்துக் கற்பனை செய்யும் முறையை அது நிலைநாட்டியது. இதனை இராக முறை என்று நம்மவர் சிலர் எளிதாகக் கூறிவிடுவர். அது பொருந்தாது. சுரவரிசை இராகமாகாது, கமகமும் சஞ்சாரமும் உயிர்ப்பிடிப்புகளும் சேர்ந்த விடத்தே இராகம் பிறக்கின்றது. ஒப்புமை உண்மையில் மனநிலையிலே உள்ளது: குறைந்த பொருளை வைத்து நிறைந்த கற்பனை செய்யும் துணிவு இரண்டிற்கும் பொதுவானது.

ஜோன் கொல்ட்ரேன் 1964 டிசம்பரிலே பதிவு செய்த ‘எ லவ் சுப்ரீம்’ நமக்கு இன்னும் நெருக்கமானது. நான்கு பகுதிகளாலான இவ்வாக்கத்தின் இறுதிப் பகுதியில், தாம் எழுதிய பிரார்த்தனைக் கவிதையொன்றைக் கொல்ட்ரேன் வாயாற் சொல்லாது சாக்சபோனாலேயே அசை அசையாகச் சொல்லுகின்றார். கீர்த்தனையின் சாகித்தியத்தை நாதஸ்வரத்திற் கேட்டுச் சொற்களை உள்ளத்தால் உணரும் பழக்கமுடைய நமது இரசிகருக்கு இது புதுமையன்று. மேனாட்டு விமர்சகரோ இதனை விளங்கிக்கொள்ளத் தட்டின் உறையில் அச்சிடப்பட்ட கவிதையையும் ஒலியையும் பக்கத்திற் பக்கமாக வைத்து ஆராய்ந்தனர். அவ்வாறு ஆராய முடிந்தமைக்குக் காரணம், மீண்டும் மீண்டும் கேட்கத்தக்க ஒரு பொருள் அவர்முன் இருந்தமையே.

சோல் இசை வழிபாட்டிடத்திலிருந்து வந்தது. 1972 ஜனவரியில் அறீத்தா பிராங்ளின், லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துத் தேவாலயமொன்றில் இரண்டு இரவுகள் சபையோர் முன்னிலையிற் பாடியதே ‘அமேசிங் கிரேஸ்’ என்னும் தட்டாயிற்று. சபையோரின் ஆர்ப்பரிப்பும் கைதட்டலும் அத்தட்டின் பகுதிகளாகவே நிற்கின்றன. வழிபாட்டுச் சூழலிற் பிறக்கும் இசையைப் பதிவு செய்தால் அதன் தெய்விகம் கெடும் என்போருக்கு இத்தட்டு தக்க மறுமொழியாகும். மார்வின் கேயின் ‘வட்ஸ் கோயிங் ஒன்’ (1971) இன்னொரு வகையில் முக்கியமானது. மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்குப் பின்னணி வாசித்தோர் அதுகாறும் பெயரற்றவராகவே இருந்தனர். இத்தட்டின் உறையிலேதான் ஜேம்ஸ் ஜாமர்சன் முதலான அக்கலைஞரின் பெயர்கள் முதன்முறையாக அச்சேறின. பக்கவாத்தியக்காரனும் ஆக்கியோனே என்ற ஒப்புதல் அது.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். பலாமரத்திற் குடைந்த தவிலின் வலந்தலையை விரற்கூடு அணிந்த கையும் தொப்பியைக் கழி பிடித்த கையும் முழக்க, நாதஸ்வரத்துடன் இணைந்து கோயில் வீதியில் நடைபெறும் கச்சேரி, குடாநாட்டுத் திருவிழாக்களின் உயிர்நாடி. இணுவில், அளவெட்டி முதலிய ஊர்கள் பரம்பரை பரம்பரையாகக் கலைஞரை ஈன்றன. தவிலைக் கேட்பதற்கென்றே கூட்டம் கூடும் மரபு இங்கு உருவாயிற்று. இரு தவில்காரர் மாறி மாறி வாசித்து, ஒருவர் விட்டதை மற்றவர் வாங்கி, ஆவர்த்தன அளவைக் குறைத்துக் குறைத்துக் கொண்டு சென்று, கோர்வையிற் கூடி முடிக்கும் தனியாவர்த்தனத்தை, ஜாஸ் கலைஞர் நந்நான்கு அளவையாக மாறி வாசிக்கும் வழக்கத்தோடு ஒப்பிடலாம். ஆயின் வேறுபாடும் உண்டு. ஜாஸ் முழவு பெரும்பாலும் காலத்தைச் சிதறவிட்டுத் தனி வாசிப்போனைத் தாங்கும். தவிலோ கணக்கினால் காலத்தைக் கட்டிச் சமத்திலே கொண்டுவந்து சேர்க்கும். டேவ் புறூபெக் குழுவின் ஐந்தடிக் கால ஆக்கம் 1959இல் அமெரிக்காவிற் பெரும் புதுமையாகக் கொண்டாடப்பட்டது. கண்டசாபு நமது தவில் மாணவனின் அன்றாடப் பாடம்.

இம்மரபின் உச்சமெனப் போற்றப்படுபவர் வி. தெட்சணாமூர்த்தி. 1933இல் இணுவிலில், தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாகப் பிறந்து, அளவெட்டியில் வாழ்ந்து, 1975இல், நாற்பத்திரண்டு வயது நிறைவதற்குள் மறைந்தவர். ஈழத்து நாதஸ்வர வித்துவான்களோடன்றித் தமிழகத்துப் பெருங்கலைஞரோடும் சமமாக அமர்ந்து வாசித்தவர். ‘கைண்ட் ஒஃப் புளூ’ வெளிவந்த ஆண்டில் அவருக்கு வயது இருபத்தாறு. கொல்ட்ரேன் அவரிலும் ஏழே ஆண்டு மூத்தவர். 1967இல், நாற்பது வயதிலே காலமானார். இருவர் வாழ்வும் ஏறத்தாழ ஒரே அளவின. ஒருவருக்குப் பல பதின் தட்டுகள் உள. மற்றவருக்குக் கிடைப்பன சில ஒலிப்பதிவுகளே.

இவ்வேறுபாட்டின் விளைவு சிறிதன்று. ரவிசங்கரின் சித்தார் இசை தட்டுகளின் வழியே கொல்ட்ரேனின் செவிக்கு எட்டியது. 1965இல் பிறந்த தம் மகனுக்கு அவர் ரவி எனப் பெயரிட்டார். அவர் மனைவி அலிஸ் கொல்ட்ரேன் 1971இல் வெளியிட்ட ‘ஜேர்ணி இன் சச்சிதானந்தா’ என்ற தட்டில் தம்புராவின் ஆதார சுருதி ஒலிக்கின்றது. அத்தட்டின் பெயருக்குரிய சுவாமி சச்சிதானந்தர், கோயம்புத்தூர்ப் பகுதியிற் பிறந்து, அமெரிக்கா செல்லுமுன் இலங்கையிலே திருகோணமலையிலும் கண்டியிலும் பணியாற்றியவர். இத்தீவில் வாழ்ந்த துறவியின் பெயர் ஜாஸ் தட்டொன்றின் தலைப்பாகிவிட்டது. இத்தீவின் தவிலோசை அவ்வுலகை எட்டவில்லை. எட்டியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்று கற்பனை செய்வது விமர்சகன் பணியன்று. எட்டாமைக்குக் காரணம் காண்பது அவன் பணி.

காரணங்கள் மூன்று எனலாம். முதலாவது, இசைத்தட்டு வணிகத்தின் மையம் சென்னையாயிருந்தமை. குடாநாட்டின் சிறிய சந்தை, வணிகரை ஈர்க்கத்தக்கதன்று. இரண்டாவது, தவிற்கச்சேரியின் இயல்பு. மணிக்கணக்காக விரியும் தனியாவர்த்தனம் மூன்று நிமிடத் தட்டிலும் அடங்காது. இருபது நிமிடப் பக்கத்திலும் அடங்காது. மூன்றாவது, நாம் பேசத் தயங்குவது: சாதி. கோயிலிசை தொழிலாகப் பிறப்பின் வழி விதிக்கப்பட்டிருந்தது. அதனை வாசித்தோர் திருவிழாவின் ஊழியராக எண்ணப்பட்டனரேயன்றி, ஓர் ஆக்கத்தின் உரிமையாளராக எண்ணப்படவில்லை. கலையை வியந்த சமூகம் கலைஞனுக்குச் சமனான ஆசனம் தரத் தயங்கியது. இதிலே அமெரிக்க நிலையும் மேம்பட்டதன்று. எலிங்டனின் குழு வாசித்த கொட்டன் கிளப்பில் கறுப்பர் மேடையேறலாம். சபையில் அமர்வதற்கு இடம் வெள்ளையருக்கே. ‘கைண்ட் ஒஃப் புளூ’ வெளிவந்த அதே மாதத்தில், தாம் வாசித்துக்கொண்டிருந்த மண்டபத்தின் வாயிலிலேயே மைல்ஸ் டேவிஸ் பொலிசாரால் தாக்கப்பட்டார். எனினும் தட்டின் உறையில் அவர் பெயர் இருந்தது. இழிவு செய்த சமூகமே அப்பெயரைப் பணங்கொடுத்து வாங்கவேண்டியதாயிற்று.

பதிவின்மை நமது விமர்சனத்தையும் ஊனப்படுத்தியது. தெட்சணாமூர்த்தியைப் பற்றி நாம் எழுதியவற்றுட் பெரும்பாலன புகழ்மாலைகள். மேதை, சக்கரவர்த்தி, அவதாரம் என்னும் அடைகளால் நிறைந்தவை. அவர் கோர்வை அமைப்பு எத்தகையது, இளமையிலும் முதிர்ச்சியிலும் அவர் வாசிப்பு எவ்வாறு மாறிற்று, நாதஸ்வரத்தை அணைந்து வாசித்தபோதும் தனித்து வாசித்தபோதும் அவர் நாதம் எவ்வாறு வேறுபட்டது என்பன போன்ற வினாக்களுக்கு அடைமொழிகள் விடையாகா. கேட்டவர் மறையும்போது அடைமொழி மாத்திரம் எஞ்சும். புகழ் மிஞ்சி இசை மறைவது கலைஞனுக்கு நாம் செய்யும் இரண்டாவது அநீதி.

பதிவு மாத்திரமே உண்மை என வாதிடுவதும் தவறாகும். தட்டும் பொய் சொல்லும். ‘கைண்ட் ஒஃப் புளூ’வின் முதற்பக்கம் ஒலிநாடா இயந்திரத்தின் வேகக் குறைபாட்டினாற் பல்லாண்டுகளாகச் சற்றே பிழையான சுருதியில் விற்பனையாகி, 1992இலேயே திருத்தப்பட்டது. உலகம் முழுவதும் கொண்டாடிய ஒலி, அக்கலைஞர் ஊதிய ஒலி அன்று! மேலும், இரவு நேரத்து வெளிவீதி, தீவட்டி, சுவாமியின் முன் நிற்கும் சனத்திரள், அதன் தலையசைப்பைக் கண்டு மேலும் விரியும் கற்பனை ஆகியவற்றை எந்த நாடாவும் முழுமையாகக் கொள்ளாது. பதிவு இசையன்று, இசையின் சாட்சி. ஆயினும் சாட்சியின்றி வழக்குரைக்க முடியாது.

சாட்சிகள் முற்றாக அழிந்துவிடவில்லை என்பது ஆறுதல் தருவது. ஒலிபெருக்கிக்காரரும் ஆர்வலரும் ஸ்பூல் நாடாவிலும் பின்னர் கசெற்றிலும் பிடித்து வைத்த கோயிற் கச்சேரிகள் வீடுகளிலே சிதறிக் கிடந்தன. 1995 ஒக்ரோபரின் பேரிடப்பெயர்விலும் அதன் முன்பின்னான அழிவுகளிலும் போனவை போக, எஞ்சியவை இங்கும் புலம்பெயர்ந்தோர் இல்லங்களிலும் உள. அம்ஷன் குமார் 2015இல் ஆக்கிய தெட்சணாமூர்த்தி பற்றிய ஆவணப்படம் இந்தியத் தேசிய விருது பெற்று, இத்தேடலுக்கு வழிகாட்டியது. 2005 தொடக்கம் இயங்கும் நூலகம் நிறுவனம் எழுத்தாவணங்களுக்குச் செய்துவரும் பணியும் நம்முன் உள்ளது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களுக்காக அழுதோம், அழத்தக்கதே. பெயரெழுதாத கசெற்றொன்று பூஞ்சணம் பிடித்து ஊமையாகும்போது அழுவார் இல்லை.

ஆகவே செய்யத்தக்கது தெளிவானது. ஒவ்வொரு நாடாவுக்கும் கோயில், திருவிழா, ஆண்டு, வாசித்த அனைவரின் பெயர் என்பன முதியோர் உள்ளபோதே கேட்டு எழுதப்படல் வேண்டும். நாதஸ்வரக்காரர் பெயரோடு, இரண்டாந் தவில்காரர் பெயரும் தாளக்காரர் பெயரும் எழுதப்படல் வேண்டும். அதன் பின்னரே கணக்கும் நாதமும் பற்றிய ஆய்வு தொடங்கும். 1960இல் மருதனார்மடத்திற் தொடங்கி, பின்னர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த இராமநாதன் இசைக் கல்லூரியின் மரபினர் கணக்கறிவைத் தரவல்லவர். தமிழ்ச் சங்கத்து மாணவர் ஊரூராகச் சென்று பெயரறிவைத் திரட்டவல்லவர். இவ்விரு சாராரும் ஒரு கசெற்றின் முன் ஒருங்கே அமர்ந்து கேட்பதற்கு நிதியோ நிறுவனமோ தடையன்று. அதனைத் தள்ளிப்போட மாத்திரம் நமக்கு இனிக் காலமில்லை. அக்கச்சேரிகளைக் கேட்ட கடைசித் தலைமுறை எழுபது வயதைத் தாண்டிவிட்டது.