மெழுகிடும் கையும் வரலாறு அறிந்த கண்ணும்

1969இல் பினாங்கில் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், நுண்கலைப் பயிற்சியையும், படைப்புகள் எக்காலத்தில் எத்தேவையால் எழுந்தன என்று ஆராயும் கலை வரலாற்றையும் ஒரே வளாகத்தில் கற்பிப்பது பெரிதும் போற்றத்தக்கது. இவ்விணைப்பின் அருமையை, சீனாவில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த சுவா தியான் தெங் 1950களில் வளர்த்தெடுத்த பாத்தேக் ஓவியம் நன்கு உணர்த்தும். சந்திங் எனப்படும், நுண்ணிய மூக்குடைய சிறு செப்புக் கிண்ணம் பொருத்திய கருவியில் உருகிய மெழுகை ஏந்தித் துணியில் கோடிழுத்தால், அக்கோட்டில் சாயம் ஏறாது; ஆகவே வெண்மையாக நிற்க வேண்டிய பகுதியை முதலில் மூடி, வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறம் நோக்கி ஒவ்வொரு தோய்ப்புக்கும் புதிதாக மெழுகிட்டுச் சென்று, இறுதியில் கொதிநீரில் மெழுகை நீக்கும்போதே முழுப் படமும் வெளிப்படும். முடிவை முன்னரே மனத்தில் கண்டு தொடங்க வேண்டிய இந்த ஒழுங்கு, நூலறிவால் மட்டும் விளங்குவதன்று. உடுதுணிக்குரிய நுட்பமொன்று சட்டகத்துக்குள் ஓவியமாக ஏறியது எத்துணைப் பெரிய துணிவு என்பதோ, வரலாறு அறியாத கைக்கு எட்டுவதில்லை. தாளின் வெண்மையையே ஒளியாக விட்டுவைக்கும் நீர்வண்ண முறையில் புகழ்பெற்ற யோங் முன் சென்னும் (1896–1962) பினாங்கில் பணியாற்றியவரே என்பதால், அவ்விருவர் படைப்புகளையும் அருகருகே வைத்துக் கற்கும் பேறு இத்தீவின் மாணவருக்கு வாய்த்திருக்கிறது.