பழம் கேடயம் ஆகுமா?

“நாள்தோறும் காயும் கனியும் உண்போரைப் புற்றுநோய் அண்டாது!” இப்படி ஒரு வாசகம் தாங்கிய வண்ணச் சுவரொட்டியை எங்கள் மாணவர் ஒருவர் வகுப்புக்கே எடுத்து வந்தார். விருத்தாசலத்துச் செராமிக் பட்டறை ஒன்றில் வேலை செய்பவர் அவருடைய தந்தை. “அப்பா நாள் முழுதும் தூசியிலே நிற்கிறார், சார். வேலை முடிந்ததும் வெல்லமும் வாழைப்பழமும் தின்கிறார். நெஞ்சிலே இருக்கிற தூசி அதிலே இறங்கிவிடும் என்கிறார். இந்தப் படத்தைப் பார்த்தால் அது சரிதான் போலிருக்கிறதே?” என்று கேட்டார்.

நான் இயற்பியல் கற்பிப்பவன், மருத்துவன் அல்லன். ஆயினும், ஒரு கூற்றை அளந்து பார்க்க வேண்டும் என்பது எல்லா அறிவியலுக்கும் பொதுவான விதி. ஊசலின் அலைவு நேரத்தை எழுதும் மாணவர் அதன் பிழை எல்லையையும் எழுதாவிட்டால் நாம் மதிப்பெண் தருவதில்லை. அந்தச் சுவரொட்டியை அதே கண்கொண்டு பார்ப்போம். அது சொல்வது முழுப் பொய்யன்று. ஆனால் எவ்வளவு என்று சொல்லவில்லை. எதை விட்டுவிட்டோம் என்றும் சொல்லவில்லை.

கருத்து பிறந்த கதை

1981ஆம் ஆண்டில் ரிச்சர்டு டால், ரிச்சர்டு பீட்டோ என்னும் இரு ஆங்கிலேய அறிஞர்கள் அமெரிக்காவின் புற்றுநோய்ச் சாவுகளை ஆராய்ந்தனர். அவற்றில் ஏறத்தாழ 35 விழுக்காடு உணவுப் பழக்கத்தோடு தொடர்புடையதாக இருக்கலாம் என மதிப்பிட்டனர். அதனுடன் அவர்கள் தந்த எல்லை என்ன தெரியுமா? 10 முதல் 70 விழுக்காடு வரை! இவ்வளவு அகன்ற எல்லையை அவர்கள் மறைக்கவில்லை. பின்னால் எடுத்தாண்டவர்கள்தாம் 35 என்னும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எல்லையைக் கைவிட்டுவிட்டனர்.

அதன்பின் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்தன. நோயுற்றோரையும் நோயற்றோரையும் அருகருகே வைத்து, “முன்பு என்னென்ன உண்டீர்கள்?” என்று கேட்பது இவற்றுள் ஒரு வகை. நம் பகுதியிலும் இத்தகைய ஆய்வு நடந்தது. சென்னை, பெங்களூர், திருவனந்தபுரம் ஆகிய மூன்று நகரங்களில் வாய்ப்புற்று நோயாளர் 591 பேரும், ஒப்பீட்டுக்காக வேறு 582 பேரும் இதில் இடம்பெற்றனர். உணவு பற்றிய முடிவுகள் 2003இல் வெளிவந்தன. காய்கனிகளை மிகுதியாக உண்டவர்களிடம் வாய்ப்புற்று குறைவாகவே காணப்பட்டது.

சுவரொட்டிக்கு இது சான்றாகாதா? ஆகும், ஆனால் ஓரளவுக்கே. வாயில் புண் வந்தவர் பச்சைக் காயையும் கொய்யாவையும் கடிக்க இயலாமல் முன்பே நிறுத்தியிருக்கலாம். அப்படியானால் காயுண்ணாமை நோயின் காரணமன்று, நோயின் விளைவு. மேலும், பழம் வாங்கும் வசதி உடையவர் பலர் படித்தவர், புகையிலையைத் தொடாதவர். நன்மை செய்தது பழமா, புகையிலை இல்லாமையா? ஆய்வாளர்கள் கணக்கின் மூலம் இவற்றைப் பிரித்தெடுக்க முயல்கின்றனர். எனினும் முழுதும் பிரித்துவிட்டோம் என்று உறுதி கூற முடியாது.

இதே மூன்று நகர ஆய்வின் மற்றொரு முடிவு 2002இல் வெளிவந்தது. தாம்பூலம் மெல்லுவோருக்கு வாய்ப்புற்று வரும் வாய்ப்பு, மெல்லாதவர்களைவிட ஆண்களில் சுமார் 5 மடங்கும், பெண்களில் சுமார் 42 மடங்கும் மிகுதி என்று தெரிந்தது. புகையிலை சேர்க்காமல் வெற்றிலை பாக்கு மட்டும் மென்றவர்களுக்கும் ஆபத்து உயர்ந்தே இருந்தது. சுவரொட்டியில் வெற்றிலைக்கோ பாக்குக்கோ ஒரு வரிகூட இல்லை!

மாத்திரை சொன்ன பாடம்

காரட்டுக்கும் மாம்பழத்துக்கும் மஞ்சள் நிறம் தருவது பீட்டா கரோட்டின் என்னும் பொருள். காய்கனியில் உள்ள காப்புச் சக்தி இதுவாகத்தான் இருக்க வேண்டும் எனப் பலரும் எண்ணினர். எண்ணியதைச் சோதித்துப் பார்த்தார்கள் என்பதே அறிவியலின் சிறப்பு. 1985இல் பின்லாந்து நாட்டில், புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு ஒரு பெரும் சோதனை தொடங்கியது. சிலருக்கு நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை. சிலருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது கிடைக்கும் என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. எனவே ஏழை, பணக்காரர், படித்தவர், படியாதவர் என்னும் வேறுபாடுகள் இரு பக்கமும் சமமாகப் பரவிவிடும்.

முடிவு 1994இல் வெளிவந்தபோது அறிஞர்கள் திகைத்தனர். மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்று குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது! அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இதுபோன்ற மற்றொரு சோதனையில் வைட்டமின் ஏயும் சேர்த்துத் தரப்பட்டது. அங்கே 28 விழுக்காடு கூடியது. ஆகவே 1996இல் மாத்திரைகளை இடையிலேயே நிறுத்தினர்.

பின்லாந்துச் சோதனையில் வியப்பான செய்தி இன்னொன்றும் உண்டு. தொடக்கத்திலேயே இரத்தத்தில் பீட்டா கரோட்டின் மிகுந்திருந்தவர்களுக்கு நோய் குறைவாக வந்தது. உணவில் அது மிகுதியாக இருந்தவருக்குக் குறைவு. மாத்திரையாக ஏற்றவருக்கு மிகுதி. அப்படியானால் அந்தப் பொருள் நல்ல வாழ்க்கை முறையின் அடையாளமே அன்றி, காவலன் அன்று எனலாம். வெப்பமானியில் பாதரசம் ஏறுவதால் அறை சூடாவதில்லை. அறை சூடாவதால்தான் பாதரசம் ஏறுகிறது. அடையாளத்தைக் காரணமாக எண்ணிய பிழை இது.

எவ்வளவு நன்மை?

உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 1997இல் வெளியிட்ட அறிக்கை, பல புற்றுகளுக்கு எதிராகக் காய்கனி தரும் காப்பு ‘உறுதியானது’ என்று கூறியது. 2007ஆம் ஆண்டு அறிக்கையிலோ அது ‘பெரும்பாலும் இருக்கலாம்’ என்னும் படிக்கு இறக்கப்பட்டது. நோய் வருமுன்பே உணவைக் குறித்துக்கொண்டு, ஆண்டுக் கணக்கில் பின்தொடரும் ஆய்வுகள் வந்தமையே காரணம். ஐரோப்பாவின் 10 நாடுகளில் ஏறத்தாழ 4,78,000 பேரைத் தொடர்ந்த அத்தகைய ஆய்வு 2010இல் முடிவு தந்தது. நாளுக்கு 200 கிராம் காய்கனி கூடுதலாக உண்போருக்கு எல்லாப் புற்றுகளும் சேர்ந்து சுமார் 3 விழுக்காடு குறைவு.

இதன் பொருளை ஒரு கற்பனைக் கணக்கால் அறிவோம். ஓர் ஊரில் 100 பேருக்குப் புற்றுநோய் வரும் என்று வைத்துக்கொண்டால், அனைவரும் அவ்வாறு கூடுதலாக உண்ணும்போது 97 பேருக்கு வரும். மூன்று பேர் தப்புவது சிறிய செய்தியன்று. ஆனால் ‘அண்டாது’ என்னும் சொல்லை எஞ்சிய 97 பேரிடம் எப்படிச் சொல்வது? மறுபுறம், புகைப்பவருக்கு நுரையீரல் புற்று வரும் ஆபத்து, புகைக்காதவரைப்போல் 15 முதல் 30 மடங்கு. மூன்று விழுக்காட்டையும் முப்பது மடங்கையும் ஒரே தராசில் வைக்கலாகாது.

எல்லாத் தாவர உணவும் காக்கும் என்பதும் தவறு. நம் வட்டாரத்தில் விளையும் வேர்க்கடலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் அதில் ஒருவகைப் பூஞ்சை படர்ந்து, அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் மடிந்தபோதுதான் இது வெளிப்பட்டது. கல்லீரல் புற்றுக்கு இது ஒரு காரணம் என இன்று உறுதியாகியுள்ளது. வறுத்தாலும் முழுவதும் அழியாது. நன்றாகக் காயவைப்பதும், பூஞ்சை பிடித்த பருப்பைப் பொறுக்கி எறிவதும் இங்கே பழம் உண்பதைவிட முந்திய கடமை.

தூசியும் வாழைப்பழமும்

இனி அந்த மாணவரின் வினாவுக்கு வருவோம். பீங்கான் கலவையில் குவார்ட்சு, அதாவது படிகச் சிலிகா, இருக்கிறது. காய்ந்த அச்சுப் பொருளின் விளிம்பைத் தேய்க்கும்போதும், தரையை உலர்ந்தபடியே பெருக்கும்போதும் இது பறக்கும். கண்ணுக்குத் தெரியும் பெரிய துகள் மூக்கிலேயே தங்கிவிடும். மீட்டரில் பத்து இலட்சத்தில் நான்கைந்து பங்குக்கும் குறைந்த நுண்துகளோ நுரையீரலின் காற்றறைகள் வரை செல்லும். அங்கே தழும்பை உண்டாக்கும் நோயே சிலிகோசிஸ். மூச்சோடு செல்லும் படிகச் சிலிகா புற்றுநோய்க் காரணி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1997இல் வகைப்படுத்தியது.

வாழைப்பழமும் வெல்லமும் செல்வது உணவுக்குழாய் வழியாக. தூசி சென்றது மூச்சுக்குழாய் வழியாக. காற்றறையில் படிந்த சிலிகாவை இரைப்பையில் இருக்கும் பழம் எப்படிக் கழுவி எடுக்கும்? வாயில் கட்டும் துண்டும் அந்நுண்துகளைத் தடுப்பதில்லை. தரையை நனைத்துப் பெருக்குதல், தேய்க்கும் இடத்திலேயே தூசியை உறிஞ்சும் விசிறி, நுண்துகளைத் தடுக்கும் முறையான முகமூடி ஆகியவையே வழி. சிலிகோசிஸ் சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய் என்பதையும் தொழிலாளர் அறிந்திருக்க வேண்டும். வெல்லம் கொடுத்துவிட்டு விசிறி வைக்காமல் இருப்பது மலிவு; அந்த மலிவுக்கு விலை கொடுப்பவர் தொழிலாளி.

அப்படியானால் காய்கனி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். மலச்சிக்கல் தீரவும், இதயத்துக்கும், இரத்த அழுத்தத்துக்கும் அது நன்று. நார்ச்சத்து மிகுந்த உணவு பெருங்குடல் புற்றைக் குறைப்பதற்கும் நல்ல சான்று உண்டு. நாளுக்கு 400 கிராமாவது காய்கனி உண்ணுமாறு உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. இதற்கு ஆப்பிள் தேட வேண்டியதில்லை. முருங்கைக்கீரையும் கொய்யாவும் பப்பாளியும் போதும்.

நான் மறுப்பது பழத்தை அன்று. பழத்தின் பின்னால் மற்றவற்றை மறைப்பதை. நோய் வந்தவரைப் பார்த்து, “நீ பழம் தின்னவில்லை” என்று பழி சொல்லவும் அந்தச் சுவரொட்டி இடம் தருகிறது. தூசியும், புகையிலையும், பூஞ்சை பிடித்த கடலையும் அப்போது தப்பித்துக்கொள்கின்றன.

மாணவரிடம் நான் சொன்னது இதுதான்: “அப்பா வாழைப்பழம் தின்னட்டும், தம்பி, பசிக்கு நல்லது. ஆனால் நாளை முதல் பட்டறைத் தரையில் தண்ணீர் தெளித்துப் பெருக்கச் சொல்.” சுவரொட்டியின் அடியில் அந்த ஒரு வரியை அவரே தம் கையால் எழுதிச் சேர்த்தார்.