முதலில் சரக்கு, பிறகு விருந்தாளி

முகூர்த்த நாளில் சங்கரன்கோவில் பூச்சந்தையில் ஏறும் மல்லிகை விலை, முகூர்த்தம் முடிந்ததும் சரிகிறது. விளைவித்தவருக்கு விலை சொல்லும் உரிமை இல்லை. அதனால்தான் தோட்டத்தைச் சுற்றுலா இடமாக்கும் யோசனை இன்று பலரையும் ஈர்க்கிறது. அதன் நிறைகுறைகளை எடைபோட, நாசிக்கின் சுலா ஒயின் தோட்டம் நல்ல சான்று.

ஆரக்கிள் வேலையை விட்டு அமெரிக்காவிலிருந்து திரும்பிய ராஜீவ் சமந்த், குடும்ப நிலத்தில் மாம்பழமும் உண்ணும் திராட்சையும் பயிரிட்டுப் பார்த்தார். 1997இல் ஒயினுக்கான சோவினோன் பிளாங், செனின் பிளாங் கொடிகளை நட்டார். கலிபோர்னிய வல்லுநர் கெர்ரி டாம்ஸ்கி துணைநின்றார். அம்மா சுலபாவின் பெயரைச் சுருக்கிச் சுலா என்று பெயரிட்டார். 2000இல் முதல் ஒயின் வந்தது. சுவைக்கூடம் 2005இல்தான் திறந்தது. இசைவிழா 2008இல் தொடங்கியது. தங்கும் விடுதியும் சேர்ந்தது. 2022இல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது.

முதலில் சரக்கு, பிறகு விருந்தாளி என்ற இந்த வரிசையில்தான் பலம் இருக்கிறது. மது விளம்பரத்துக்குத் தடையுள்ள நாட்டில் சுவைக்கூடமே விளம்பரமானது. செப்டம்பரில் கவாத்து செய்தால் ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. பயணிகள் விரும்பும் குளிர்காலத்தில் கொடியில் குலை தொங்குகிறது.

குறைகளும் சிறியவை அல்ல. ஆலைக்குப் பழம் தரும் ஒப்பந்த விவசாயிக்கு விடுதி வருமானத்தில் பங்கில்லை. ஒயின் திராட்சையை உண்ணும் பழமாக விற்கவும் முடியாது. 2008க்குப் பிந்தைய மந்தத்தில் மகாராஷ்டிரத்தின் பல ஒயின் ஆலைகள் தள்ளாடியபோது, வாங்க ஆளின்றி விவசாயிகள் கொடிகளையே வெட்டினார்கள். குடித்துவிட்டு வண்டியோட்டும் ஆபத்தும் இந்தச் சுற்றுலாவோடு வருகிறது.

2003 முதல் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் உள்ள தமிழ்நாட்டில் இதே வடிவம் எளிதல்ல, வேண்டியதும் அல்ல. கம்பம் பள்ளத்தாக்கில் மது இல்லாமலே பயணிகள் திராட்சைப் பந்தலுக்குள் நடந்து, பழமும் சாறும் வாங்கிப் போகிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது.

நம் மல்லிகைக்கும் வழி உண்டு. படமெடுக்கும் வளைவும் நுழைவுச்சீட்டும் முதலில் வேண்டாம். பூவிலிருந்து மணச்சாறு எடுத்துச் சொந்தப் பெயரில் விற்கும் விவசாயிகள் கூட்டமைப்பு முதலில் வேண்டும். விருந்தாளி வரும் நாளில், வாசலில் சேரும் பணத்தில் பூப்பறிக்கும் கைகளுக்கும் எழுத்துப்பூர்வமான பங்கு இருக்க வேண்டும். அந்தப் பங்கு இல்லாவிட்டால் தோட்டம் செழிக்கும். சுற்றியுள்ள ஊர் செழிக்காது.