கட்டணம் குணப்படுத்துமா?

மனநலத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் பழக்கம் நம்மிடையே வந்திருக்கிறது, நல்லதுதான். அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு வாதமும் வந்துவிட்டது: தெரபிக்குக் கைக்காசு கொடுப்பவர்தான் அதை மதிப்பார், இலவசம் என்றால் பாதியில் நின்றுவிடுவார், ஆகவே கட்டணமே சிகிச்சையின் ஒரு பகுதி. தனியார் சிகிச்சையின் நன்மைகளை நான் மறுக்கவில்லை. அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டோடு வரிசையில் நிற்பவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்கள் தூக்கம் வருகிறதா, மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்ற கேள்விகளிலேயே தீர்ந்துவிடும். முக்கால் மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் சொல்வதை இன்னொருவர் பொறுமையாகக் கேட்பது பெரும்பாலும் தனியார் அறையில்தான் நடக்கிறது. தெருவில் பாதிப்பேர் சொந்தக்காரர்களாக இருக்கும் மதுரை போன்ற ஊரில் அந்த மறைவு பெரிய விஷயம். மருத்துவ உளவியலில் எம்.ஃபில். முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுசெய்தவர் தம் உழைப்புக்குக் கூலி கேட்பதிலும் தவறில்லை. ஆனால் கூலி வேறு, மருந்து வேறு.

கட்டணத்தை மருந்தாக்கிய வாதத்துக்கு மூலவர், உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃப்ராய்ட். இலவசச் சிகிச்சை நோயாளியின் எதிர்ப்புணர்வை அதிகமாக்குகிறது என்று அவர் 1913-இல் எழுதினார். இன்றும் எடுத்துக்காட்டப்படுவது அந்தக் கட்டுரைதான். அதே ஃப்ராய்ட் 1918-இல் புடாபெஸ்ட் மாநாட்டில் பேசியதை யாரும் நினைவூட்டுவதில்லை. ஏழைக்கு அறுவைச் சிகிச்சையில் எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவு உரிமை மனச் சிகிச்சையிலும் உண்டு, ஒருநாள் அரசு அதை இலவசமாகத் தரும் என்றார். அவருடைய சீடர்கள் 1920-இல் பெர்லினிலும் 1922-இல் வியன்னாவிலும் ஏழைகளுக்கான சிகிச்சையகங்களைத் திறந்தார்கள். நம் ஊருக்கு வந்து சேர்ந்ததோ 1913 மட்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மனச்சோர்வுக்குப் பன்னிரண்டு அமர்வாவது தேவை என்றால் 12,000 ரூபாய். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருவர் முப்பத்தைந்து நாள் கூலியை அப்படியே எடுத்துவைத்தாலும் போதாது. அவர் இரண்டு அமர்வோடு நின்றுவிட்டால் 'ஈடுபாடு இல்லை' என்ற பெயர் அவருக்கு. இல்லாதது ஈடுபாடா, பணமா? இலவசமாக நடத்தினாலும் அவர் ஒருநாள் கூலியை இழந்து, பஸ் ஏறி, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் வரவேண்டும். அவர் ஏற்கெனவே விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார். அது ரசீதில் வராது, அவ்வளவுதான். காப்பீடு இருக்கிறதே என்பார்கள். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்வது உண்மை. ஆனால் நம் பாலிசிகளில் பெரும்பாலானவை படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். பேசிவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு அதனால் என்ன பயன்? கட்டணத்தின் மகிமையைப் பேசுகிறவர்களில் கூலிவேலைக்குப் போகிறவர் ஒருவரையும் காணோம்.

இலவசமானது மதிப்பிழக்கும் என்ற வாதம் மதுரையில் எடுபடவே கூடாது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் பணம் கட்டுவோரும் கட்டாதோரும் பக்கத்துப் பக்கத்தில் பார்வை பெறுகிறார்கள். இலவசமாகப் புரை நீக்கிக்கொண்டவருக்குப் பார்வை மங்கலாக வந்தது என்று யாரும் சொன்னதில்லை. கண் வேறு, மனம் வேறு என்பது நியாயமான மறுப்பு. புரை அறுவை சில நிமிட வேலை. தெரபிக்கோ ஒருவருக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். ஆகவே அரவிந்தைப் போல், பணம் கட்டுகிற சிலரைக் கொண்டு கட்டாத பலரைத் தாங்க முடியாது. சரி, அதற்கு மாற்று வழி கட்டணத்தைப் புனிதமாக்குவதல்ல. கோவாவில் ஆரம்பச் சுகாதார நிலையங்களில், மனநலத் துறையைச் சேராத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஆறு முதல் எட்டு அமர்வு நடத்தச் செய்தார்கள். 2017-இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் அந்த அமர்வுகளைப் பெற்றவர்களில் 64 சதவீதத்தினர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் தேறியவர்கள் 39 சதவீதம். நோயாளி அங்கே பீஸ் கட்டவில்லை. கட்டணம்தான் மருந்து என்றால் இவர்கள் எப்படித் தேறினார்கள்?

அரசிடம் இன்று 14416 என்ற தொலைபேசி மனநல உதவி இருக்கிறது. அவசரத்துக்கு அது உதவும், வாராவாரம் நேரில் கேட்கும் காதுக்கு ஈடாகாது. ரத்த அழுத்த மாத்திரையை வீடு தேடிக் கொண்டுபோகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் கிராமங்களில் நடக்கிறது. அதில் உள்ள பெண் தன்னார்வலர்களில் விருப்பமுள்ளவர்களுக்குப் பயிற்சியும் அதற்குரிய தனி ஊதியமும் கொடுத்து, மேற்பார்வைக்கு ஓர் உளவியலாளரையும் நியமித்தால் கோவாவில் நடந்தது மேலூரிலும் நடக்கும். அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018 மே 29-இல். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி அரசு மருத்துவமனைகளில் வாரத்துக்கு இரண்டு நாளாவது பேச்சுச் சிகிச்சை கிடைக்கும்படி சுகாதாரத் துறை செய்யட்டும். தனியார் மையங்கள் அதன் பிறகும் நடக்கும்; வசதியுள்ளவர்கள் தாராளமாகப் போகட்டும்.