வேக்யூம் பம்ப் கொண்டுவந்தீர்களா?

அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஒரு முக்கோணம், அதற்குள் ஒரு தீச்சுடர். அம்மாவின் கண்ணில்தான் அது முதலில் பட்டது. "ஏண்டி, இது கேஸ் சிலிண்டர் வண்டியில ஒட்டியிருக்கிற படமாச்சே. படுக்கிற ரூம்ல மாட்டற சாமானுக்கு எதுக்கு நெருப்புப் படம்?" என்றார். பெட்டியை மூன்று மாடி தூக்கிவந்த பையன்கள், "இப்ப எல்லா ஏசியிலயும் இது வருதும்மா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அம்மா கேட்டது எதற்கு என்று. அதற்குப் பதில் தேடித்தான் இந்தக் கோடை முழுவதும் இந்த இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

வாங்கியது ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட். உள்ளே ஓடுவது ஆர்-32 என்ற கேஸ். பெயர்த்தட்டில் 740 கிராம் என்று போட்டிருக்கிறது. பிராண்டின் பெயரைச் சொல்லவில்லை. இன்று கடையில் வரிசையாக மாட்டியிருக்கும் ஸ்ப்ளிட் ஏசிகளில் பெரும்பாலானவற்றில் இதே கேஸ்தான். குளிர்ச்சியைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. திருவான்மியூரில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் பத்துக்குப் பன்னிரண்டு அறை, மே மாதப் பிற்பகல். அரை மணி நேரத்துக்குள் அறை 26 டிகிரிக்கு வந்து, கம்ப்ரசர் மெல்ல வேகம் குறைத்துக்கொண்டது. சத்தம் இல்லை. ரிமோட் வழக்கமான ரிமோட்.

கேஸுக்கு வருகிறேன். இதற்கு முன்பு எங்கள் வீட்டில் இருந்தது ஆர்-22 நிரப்பிய பழைய ஏசி. மார்ச் பிறந்தால் மெக்கானிக் வருவார், "கேஸ் கம்மியாயிருக்கு" என்பார், சிலிண்டரை மாட்டி டாப்-அப் செய்துவிட்டுப் போவார். பல வருடம் அதைப் பராமரிப்புச் செலவு என்றே நினைத்திருந்தேன். ஏசிக்குள் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருகிற பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஒழுகிய ஆர்-22 ஒவ்வொரு கிலோவும், நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், 1,810 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். ஓசோன் படலத்தையும் அரிக்கும். அதற்குப் பின் வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடவில்லை, ஆனால் சூடாக்கும் கணக்கில் 2,088. ஆர்-32க்கு அதே கணக்கு 675. புரொப்பேனுக்கு, அதாவது ஆர்-290க்கு, வெறும் 3.

சூட்டைக் குறைக்கும் கேஸ் ஏன் தீப்பிடிக்கும் கேஸாக இருக்கிறது? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 1920களில் குளிர்சாதனப் பெட்டிகளில் அமோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஓடின. ஒழுகினால் ஆளைக் கொல்லும். பெர்லினில் ஒரு குடும்பமே அப்படி இறந்த செய்தியைப் படித்துத்தான் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் ஒழுகாத குளிர்பெட்டி ஒன்றை வடிவமைக்க உட்கார்ந்தார்கள் என்பார்கள். 1930இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்க வேதியியலாளர் தன் புதிய கேஸை எல்லார் முன்னிலையிலும் மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். நஞ்சும் இல்லை, நெருப்பும் இல்லை. அதன் மூலக்கூற்றில் ஹைட்ரஜனே கிடையாது. குளோரினும் ஃபுளோரினும் இறுகக் கட்டியிருந்தன. அந்த இறுக்கத்தால் அது எரியவில்லை. அதே இறுக்கத்தால் காற்றிலும் சிதையாமல், பல பத்தாண்டுகள் மிதந்து ஓசோன் படலம் வரை ஏறியது. ஹைட்ரஜன் இருக்கும் மூலக்கூறு காற்றில் சீக்கிரம் உடையும். ஆர்-32 சுமார் ஐந்தாண்டில் மறைந்துவிடுகிறது. ஆனால் ஹைட்ரஜன் இருந்தால் தீயும் கொஞ்சம் பிடிக்கும். அம்மா பார்த்த சுடரும், வானத்தில் சீக்கிரம் கரைந்துபோகும் குணமும் ஒரே வேரில் முளைத்தவை. ஒன்றை வாங்கினால் மற்றதும் கூடவே வரும்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? டேப்பை எடுத்து அறையை அளந்தேன். உயரம் பத்தடி, கனஅளவு 34 கன மீட்டர். ஆர்-32 எரிய வேண்டுமானால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 307 கிராம் கலந்திருக்க வேண்டும், அதாவது நூற்றுக்கு 14.4 பங்கு. என் அறை முழுவதும் அந்த நிலைக்கு வர பத்து கிலோவுக்கு மேல் கேஸ் வேண்டும். இயந்திரத்தில் இருப்பது முக்கால் கிலோ. மொத்தமும் அறைக்குள் கொட்டிப் பரவினாலும் எரியும் அளவில் பதினான்கில் ஒரு பங்குதான். பற்றிக்கொண்டாலும் தீ நகரும் வேகம் நொடிக்கு 6.7 சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டருக்குள் இருப்பவற்றைத்தான் ஏ2எல் என்ற வகுப்பில் வைக்கிறார்கள்: நஞ்சு குறைவு, எரிதல் மந்தம்.

கணக்கு இதமாக இருக்கிறது, ஆனால் முழுமையானது இல்லை. இந்தக் கேஸ் காற்றைவிடக் கனமானது. அறையில் சமமாகப் பரவும் வரை காத்திருக்காது; ஒழுகும் இடத்தில் அடர்ந்து, தரையில் தேங்கும். மூடிய பால்கனியில் அவுட்டோரை வைத்து, பக்கத்தில் வாஷிங் மெஷின், அதற்குப் பக்கத்தில் கேஸ் கீசர் என்று அடுக்கியிருக்கும் ஃபிளாட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே என் பதினான்கில் ஒரு பங்கு கணக்கு உதவாது. இன்னொன்று: ஆர்-32 எரிந்தால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும். மூச்சுக்குழாயைப் பொசுக்கும் வாயு அது. அதனால் "எரிந்தாலும் மெதுவாகத்தானே" என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் இருப்பது ஆர்-290 ஏசி. ஒரு டன், 280 கிராம் புரொப்பேன். விடுமுறையில் போனபோது ஒரு வாரம் அந்த அறையில்தான் தூங்கினேன். குளிர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் முழுக்க எச்சரிக்கைக் குறிப்புகளில் இருந்தது. புரொப்பேன் ஏ3 வகுப்பு. காற்றில் நூற்றுக்கு 2.1 பங்கு கலந்தாலே எரியும். சுவிட்ச் போடும்போது தெறிக்கும் பொறி அதற்குப் போதும். ஆர்-32ஐப் பற்றவைக்க அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் ஆற்றல் வேண்டும். அதனால்தான் கேஸின் எடையை அறையின் தரைப்பரப்போடு சேர்த்துக் கட்டுகின்றன பன்னாட்டுத் தர விதிகள். சுவரில் ஆறடி உயரத்தில் மாட்டிய இயந்திரத்துக்கு, 280 கிராம் என்றால் ஏறக்குறைய 150 சதுர அடி அறையாவது வேண்டும். அக்காவின் அறை பன்னிரண்டுக்குப் பதினான்கு. 168 சதுர அடி. சரியாக இருக்கிறது. ஆனால் மாட்ட வந்தவர் அறையை அளக்கவே இல்லை என்றார் அக்கா.

"சமையல்கட்டுல பதினாலு கிலோ சிலிண்டர் வெச்சிருக்கோம், இது எம்மாத்திரம்?" என்பது மாமாவின் வாதம். வாதத்தில் பாதி நியாயம். எங்கள் இருவர் வீட்டு ஃபிரிட்ஜிலும் ஆர்-600ஏ என்ற ஐசோபியூட்டேன்தான் வருடக்கணக்காக ஓடுகிறது, யாரும் பயந்ததில்லை. ஆனால் சமையல் கேஸ் ஒழுகினால் மூக்குக்குத் தெரியும், அதற்கென்றே நாற்றம் சேர்க்கிறார்கள். ஏசிக்குள் இருக்கும் புரொப்பேனுக்கும் ஆர்-32க்கும் மூக்கு உதவாது. சமையல் சிலிண்டரிலிருந்து ஏசிக்கு நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிட வேண்டும். அது சுத்தமான புரொப்பேன் இல்லை, உள்ளே இருக்கும் பாகங்களும் அதற்குத் தாங்காது. பழைய ஆர்-22 பெட்டியில் இந்தப் புதுக் கேஸ்களை ஏற்றுவதும் அப்படித்தான். அந்தப் பெட்டியின் சுவிட்சுகளும் ரிலேக்களும் எரியும் கேஸை மனதில் வைத்துச் செய்தவை கிடையாது. ஆர்-32இன் அழுத்தமும் ஆர்-22ஐப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல்.

இயந்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. சோதனை வந்தது மாட்டுகிற நாளில்.

இரண்டு பேர் வந்தார்கள், இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. சுவரில் துளை போட்டு, இண்டோரை மாட்டி, காப்பர் பைப்பை இழுத்து, ஃபிளேர் நட்டைச் சாதாரண ஸ்பேனரால் இறுக்கினார்கள். அடுத்து சர்வீஸ் வால்வைத் திறக்கக் கை போனது.

"வேக்யூம் பம்ப் கொண்டுவந்தீங்களா தம்பி?"

"புது மெஷினுக்கு வேணாம் மேடம். கேஸை லேசா தொறந்துவிட்டா உள்ள இருக்கிற காத்து தானா வெளிய போயிடும்."

ஆர்-22 காலத்துப் பழக்கம் இது. இயந்திரத்தில் இருக்கும் கேஸைக் கொண்டே பைப்பில் இருக்கும் காற்றைத் தள்ளுவது. தள்ளிய கேஸ் அந்தப் பையனின் முகத்துக்கு நேரே வெளியேறும். அவன் நிற்பதோ ஜன்னல் விளிம்பில். மிச்சக் காற்றும் ஈரமும் பைப்பிலேயே தங்கி, எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரசரை உள்ளிருந்து தின்னும். நிறுத்தச் சொன்னேன். மேற்பார்வையாளருக்குப் போன் போட்டார்கள். "நாலு டீமுக்கு ஒரு பம்ப்தான் மேடம், இன்னைக்கு அது அம்பத்தூர்ல இருக்கு." அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு நாளைக்கு ஆறு வீடு முடிக்கச் சொல்லி, கையில் ஸ்பேனர் மட்டும் கொடுத்து அனுப்புகிறவர்கள் மேல் வந்தது, இன்னும் இருக்கிறது. இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம் 2019இல் வெளியானபோது, 2022-23க்குள் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று இலக்கு வைத்தது. என் வீட்டுக்கு வந்த இரண்டு பேரும் அந்த மாதிரிப் பயிற்சி எதையும் பார்த்ததில்லை என்றார்கள்.

மறுநாள் வந்தவர் ஐம்பதை நெருங்கியவர். முதல் வேலையாக ஃபிளேரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்தார். ஒருமுறை இறுக்கிய ஃபிளேரை வீட்டுக்குள் மறுபடி அப்படியே பயன்படுத்தக் கூடாது என்று மேனுவலும் சொல்கிறது. டார்க் ஸ்பேனரால் இறுக்கினார், கிளிக் சத்தம் வந்ததும் கையை எடுத்தார். நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆக்சிஜன் சிலிண்டரால் இந்தச் சோதனையைச் செய்கிறவர்களும் உண்டாம். எண்ணெயும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிகுண்டு என்றார். பிறகு பம்பை மாட்டினார். அரை மணி நேரம் ஓடியது. கேஜ் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கியதும் நிறுத்திவிட்டு, டீ குடித்துக்கொண்டே பத்து நிமிடம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏறவில்லை. அதற்குப் பிறகுதான் வால்வைத் திறந்தார். இதற்கு நடுவில், அலமாரியில் அம்மா ஏற்றியிருந்த விளக்கை அவராகவே கவனித்து, "கொஞ்ச நேரம் மலையேத்திடுங்கம்மா, வேலை முடிஞ்சதும் ஏத்திக்கலாம்" என்றார். கேஸ் பைப்பைத் திறந்து வேலை செய்யும் நேரத்தில் விளக்கு, கற்பூரம், கொசுவர்த்தி எதுவும் பக்கத்தில் கூடாது.

வீடு மாற்றுகிறவர்களுக்காக அவர் சொன்ன இன்னொன்றை எழுதாமல் விட மனமில்லை. ஏசியைக் கழற்றும்போது கேஸையெல்லாம் அவுட்டோருக்குள் இழுத்து அடைப்பார்கள், பம்ப்-டவுன் என்பார்கள். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவசரத்தில் பைப்பைத் தளர்த்திவிட்டால் அது கேஸுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். உள்ளே எண்ணெய், காற்று, அழுத்தம், சூடு. டீசல் இன்ஜினில் நடப்பது கம்ப்ரசருக்குள் நடந்து, கூடு வெடித்துவிடும். எந்தக் கேஸாக இருந்தாலும் இது நடக்கலாம். எரியும் கேஸில் ஆபத்து கூடுதல். முதலில் கம்ப்ரசரை நிறுத்த வேண்டும், அப்புறம்தான் நட்டில் கை வைக்க வேண்டும்.

எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில்: சென்னை மாதிரி ஊரில், அறை சிறியதாக இருந்தால், இப்போதைக்கு ஆர்-32. கிகாலி ஒப்பந்தப்படி இந்தியா 2032இல் இந்த ஹெச்எஃப்சி வகைக் கேஸ்களைக் குறைக்கத் தொடங்கி 2047க்குள் 85 சதவீதம் குறைத்தாக வேண்டும். அந்தக் கணக்கில் ஆர்-32ம் சேரும். போய்ச்சேர வேண்டிய இடம் புரொப்பேன் என்றே நினைக்கிறேன். கோத்ரெஜ் 2012லேயே அப்படி ஒரு ஏசியை இந்தியாவில் விற்கத் தொடங்கியது. அது முடியாத காரியம் இல்லை. ஆனால் அறையை அளக்கத் தெரிந்த, பம்ப் வைத்திருக்கும் ஆள் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுத்தான் ஆர்-290க்குப் பணம் கட்டுவேன்.

இயந்திரத்தோடு வந்த மேனுவலில் எச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, இந்தியில் இருக்கின்றன. தமிழில் ஒரு வரி இல்லை. ஜன்னல் விளிம்பில் நின்று வேலை செய்கிற தம்பிகள் இரண்டு பேரும் தமிழ் மட்டுமே சரளமாகப் படிப்பவர்கள். அடுத்த வருடம் இந்த வீட்டைக் காலி செய்யும்போது யார் வந்து இதைக் கழற்றுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் அழியாத மார்க்கர் வாங்கி, அவுட்டோரின் மூடி மேல், வால்வுக்குப் பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்: "ஆர்-32. 740 கிராம். தீப்பிடிக்கும் கேஸ். பக்கத்தில் நெருப்பு வேண்டாம். கம்ப்ரசரை நிறுத்திவிட்டு நட்டைக் கழற்றவும். மாட்டும்போது வேக்யூம் கட்டாயம்."