ஆறு நாள் இல்லாத சூரன்போர்

1996 முதல் வந்த பிரதான போக்கிமொன் ஆட்டங்களுக்கெல்லாம் கதைச் சட்டகம் ஒன்றுதான். பிள்ளை ஒன்று வீட்டைவிட்டுக் கிளம்பும், புல்லுக்குள் புகுந்து விநோதப் பிராணி பிடிக்கும், ஊரூராகப் போய் மற்றவர்களின் பிராணிகளோடு மோதவிடும். 2025 பெப்ரவரி 27ஆம் திகதி அறிவிக்கப்பட்ட, 2026ஆம் ஆண்டுக்குரிய ‘போக்கிமொன் சாம்பியன்ஸ்’ இந்தச் சட்டகத்தைக் கழற்றி வைத்துவிட்டது. வீடு கிடையாது, புல் கிடையாது, ஊரும் கிடையாது. சண்டை மட்டும். ஆட்டத்தின் மற்ற வசதிகளெல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து பிறந்தவை. எடைபோட வேண்டியதும் இதைத்தான்.

மொனராகலையில் இருந்துகொண்டு இதைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். நிண்டெண்டோ கொம்பனியின் இணையக் கடைக்கு இலங்கை என்றொரு நாடு இல்லை. சுவிட்ச் கொன்சோலுக்கான பெரிய ஆட்டம் ஒன்று ஏறத்தாழ 60 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 18,000 ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில்தான் 1,350 ரூபா ஆனது. அந்தக் கணக்கில் ஓர் ஆட்டம் பதின்மூன்று நாளைக்கு மேற்பட்ட உழைப்பு, கொன்சோலின் விலையைச் சேர்க்காமலே. ஆகவே ஊவாத் தோட்டங்களில் போக்கிமொன் என்பது படமும் பொம்மையும் ஸ்டிக்கருமாகத் தெரிந்த பெயர். ஆட்டமாக வந்து சேர்ந்ததே இல்லை என்று சொல்லிவிடலாம். சாம்பியன்ஸ் சுவிட்சோடு கைப்போனுக்கும் வருகிறது, தொடங்கக் காசு கேட்கவில்லை, போன்காரனும் கொன்சோல்காரனும் ஒரே களத்தில் மோதலாம் என்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் 2026 ஓகஸ்ட் போக்கிமொன் உலகப் போட்டியும் இதிலேயே நடக்குமென அறிவித்தார்கள். லயத்துப் பிள்ளை கையில் வைத்திருக்கும் போனும் உலகப் போட்டியின் மேடையும் ஒரே ஆட்டத்துக்குள் வருவது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு நன்மை ஆட்டத்தின் உள்ளுக்குள் இருக்கிறது. பழைய ஆட்டங்களில் ஒரு பிராணியைப் போட்டிக்குத் தயார்செய்வது சண்டையைவிடப் பெரிய வேலை. பிராணி ஒவ்வொன்றுக்கும் ஆறு திறன்கள். ஒவ்வொரு திறனுக்கும் 0 முதல் 31 வரை பிறவியிலேயே அமைந்த மறைவான ஓர் எண். அதற்கு மேல் பயிற்சிப் புள்ளிகள்: மொத்தம் 510, ஒரு திறனுக்கு 252க்கு மேல் போகாது. நல்ல எண்கள் வாய்க்க மணிக்கணக்காக முட்டை பொரிக்க வைக்க வேண்டும். மூளைக்கு வேலையில்லாத கூலிவேலை இது. அதன் விளைவு 2023இல் யோகோஹாமா உலகப் போட்டியில் வெளியே வந்தது. வெளி மென்பொருளால் செய்த பிராணிகளைக் கொண்டுவந்ததற்காகச் சில வீரர்கள் அங்கே நீக்கப்பட்டார்கள். வேலைக்கும் படிப்புக்கும் நடுவே இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று பிறகு எழுந்த வாதத்தில் ஏமாற்றுக்காரரின் சமாதானம் பாதி, நியாயம் பாதி. சாம்பியன்ஸில் சண்டை போட்டால் ‘வெற்றிப் புள்ளி’ கிடைக்கும். அதைக் கொடுத்துத் திறனையும் தாக்கும் முறைகளையும் மாற்றிக்கொள்ளலாம். தோற்ற பின் அணியைத் திருத்தி அன்றைக்கே மறுபடி இறங்க முடியும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

சண்டை மூன்று வகை: தரவரிசைச் சண்டை, தரவரிசைக்குக் கணக்கில் சேராத சாதாரணச் சண்டை, தெரிந்தவர்களுக்குள் மட்டும் நடக்கும் தனியறைச் சண்டை. ஒற்றையாகவும் மோதலாம், இரட்டையாகவும் மோதலாம். சர்வதேசப் போட்டிகள் இரட்டையில் நடப்பவை. ஆறு பிராணிகளைக் காட்டி, நாலைத் தெரிந்து, இரண்டிரண்டாக இறக்க வேண்டும். எதிராளி எந்த இரண்டை ஒளித்துவைப்பான் என்று ஊகிப்பதிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடும். இது முறைவைத்து ஆடும் ஆட்டம் என்பது நம் மலைப்பக்கத்துக்குத் தனி வசதி. ஃப்ரீ ஃபயர் போன்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் சிக்னல் ஒரு கணம் தடுமாறினாலும் ஆள் செத்துப்போவான். இங்கே ஒரு முறைக்கு யோசிக்கவே முக்கால் நிமிடம் தருவது போட்டி வழக்கம். மெதுவான டேட்டாவும் தாக்குப்பிடிக்கும். இணைப்பு அடியோடு அறுந்தால்தான் வினை. 2021 பெருந்தொற்றுக் காலத்தில் லுணுகலைப் பக்கம் பிள்ளைகள் காட்டுக்குள் மரத்தில் கட்டிய பரணில் ஏறி இணையப் பாடம் படித்தது உலகச் செய்தியானது. அந்த மலைகளில் ‘எப்போதும் இணைப்பில்’ என்ற நிபந்தனையை யாரும் எளிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சண்டை மட்டுமே என்ற யோசனை புதிதும் இல்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டி நிண்டெண்டோ 64க்கு வந்த ‘போக்கிமொன் ஸ்டேடியம்’ அப்படிப்பட்டதுதான். கேம்போய் இல்லாத பிள்ளைக்கு அது இரவல் பிராணிகளைக் கொடுத்தது. கணினியோடு மோதும் கிண்ணப் போட்டிகளை வரிசையாக வைத்தது. கூடவே சில்லறை விளையாட்டுகளையும் சேர்த்தது. இன்றும் அதை ஆசையோடு நினைப்பவர்கள் இருப்பதற்கு அதுவே காரணம். 2006இல் ‘வீ’ கொன்சோலுக்கு வந்த ‘பேட்டில் ரெவல்யூஷன்’ படத்தை அழகாக்கிவிட்டு உள்ளடக்கத்தை மெலியவிட்டது. விமர்சகர்கள் அந்த இடத்தில்தான் அடித்தார்கள். சாம்பியன்ஸ் எந்தப் பக்கம் சாய்கிறது? அறிவிப்புகள் முன்னிறுத்துவதெல்லாம் மனிதரோடு மனிதர் மோதும் களத்தையே. தனியே உட்கார்ந்து தோற்றுத் தோற்றுப் பழக ஒரு பெரிய பகுதி அவற்றில் பேசப்படவில்லை. போக்கிமொன் வகைகள் 18. எது எதை வெல்லும் என்பது மனப்பாடமாக வேண்டும். சண்டை நடுவே பிராணியை வலுவாக்கும் 2013இன் மெகா உருமாற்றம் போன்றவற்றுக்கான ஒரு வளையத்தை வேறு காட்டியிருக்கிறார்கள். பழைய ஆட்டங்களில் முப்பது மணி நேரக் கதை இந்தப் பாடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டியது. கதையை எடுத்தவர்கள் பள்ளிக்கூடத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். விளக்கங்களைத் தமிழில் வாசிக்கவும் வழியில்லை. கைப்போன் ஆட்டமான ‘போக்கிமொன் கோ’ 2023இல் ஹிந்தி பேசத் தொடங்கியது. தமிழுக்கு இன்னும் முறை வரவில்லை.

காசு வாசலையும் பார்க்க வேண்டும். பழைய ஆட்டங்களை வாங்கியவர்கள் ‘போக்கிமொன் ஹோம்’ என்ற சேமிப்பகம் வழியாகத் தங்கள் பிராணிகளை உள்ளே கொண்டுவரலாம். அங்கே இலவச இடம் 30, ஆண்டுக்கு 15.99 டொலர் கட்டினால் 6,000. எல்லா இனமும் உள்ளே வர முடியாது என்று சொல்லியிருப்பது புதியவனுக்கு ஓரளவு ஆறுதல். என்றாலும் வெறுங்கையோடு வருபவன் சில நாள் இரவலாகக் கிடைக்கும் பிராணியைப் பார்த்து, புள்ளி கொடுத்துத்தான் சொந்தமாக்க வேண்டும். ‘இலவசமாகத் தொடங்கலாம்’ என்ற வாக்கியத்தில் நான் கவனிப்பது தொடங்குவதை மட்டும் பேசுகிறதே என்பதை. வெற்றிப் புள்ளி சண்டையால் மட்டும் வரும்வரை இந்தச் சமநிலை நிற்கும். காசுக்கு விற்கத் தொடங்கிய அன்றைக்கு மேலே நான் புகழ்ந்ததெல்லாம் விழுந்துவிடும்.

ஆனால் என்னை உறுத்துவது விலையைவிட வேறொன்று. இந்தத் தொடரை உருவாக்கிய சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்த்த நம் பிள்ளைகளுக்கு அந்த ஆசையை விளக்க வேண்டியதில்லை. தேடிப்போய்ப் பிடித்தது என்பதால்தான் அது என்னுடையது. பழைய ஆட்டங்களில் போலப் போரில் தோற்றவன் வென்றவனோடு சேருவதும் நமக்குப் பழகிய கதை. கதிர்காமம் மொனராகலை மாவட்டத்துக்குள் இருக்கிறது. கந்தசஷ்டிக் கதையை இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். யானைமுகத் தாரகன், சிங்கமுகன், கடைசியில் மாமரமாய் நின்ற சூரன். பிளந்த மரம் மயிலும் சேவலுமாகி, பகைவனே முருகனின் வாகனமும் கொடியுமாகிறான். கோயில் வீதியில் சூரனுக்குத் தலை மாற்றுவது சில நிமிட வேலை. ஆறு நாள் விரதமிருந்தவருக்கு அந்தச் சில நிமிடம் வேறாகத் தெரிகிறது. சாம்பியன்ஸில் பிராணி ஒரு பட்டியலிலிருந்து வருகிறது. அதைத் தேடவுமில்லை, வெல்லவுமில்லை. கூலிவேலையைக் குறைக்கப்போய் உறவையும் குறைத்துவிட்டார்கள். இரண்டையும் பிரித்தறிந்திருக்கலாம்: முட்டை பொரிக்கும் அலுப்பை நீக்கிவிட்டு, முதல் பிராணி ஒன்றையாவது கதையோடு கைக்குக் கொடுக்கும் நாலைந்து மணி நேரப் பகுதி இருந்தால் போதும்.

இப்போதைக்கு இங்கத்தைய பிள்ளைக்கு இந்த ஆட்டத்தில் உண்மையாகப் பயன்படப்போவது தனியறைச் சண்டைதான் என்று நினைக்கிறேன். பக்கத்து லயத்துக் கூட்டாளியோடு மோதி, ஏன் தோற்றோம் என்று வாய்விட்டுச் சண்டைபிடித்துக் கற்பது தரவரிசையில் முகம் தெரியாத ஜப்பான்காரனிடம் அடிவாங்குவதைவிட மேல். 1996இல் இரண்டு கேம்போய்களை ஒரு கம்பி இணைத்தது. அதற்கு டவரும் வேண்டியிருக்கவில்லை, ரீலோடும் வேண்டியிருக்கவில்லை. ஒரே திண்ணையில் இருக்கும் இரண்டு போன்கள் இணையமில்லாமல் மோத ஒரு வழியைத் தயாரிப்பாளர்கள் வைப்பார்களானால், உருமாற்ற வளையத்தைவிட அதையே இந்த ஆட்டத்தின் பெரிய வசதி என்று எழுதுவேன்.